சொக்கெட் பொருந்தினால் போதுமா? புரொசசரின் வொட்டும் போர்டின் தாங்குதிறனும்

கட்டுகஸ்தோட்டையில் தொடங்கிக் குருநாகல் வழியாகப் புத்தளம் வரை போகும் ஏ10 வீதியில், மலைநாடு இறங்கிச் சமவெளியைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது கலகெதர. கணினிக்குப் புதிய உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இங்குள்ளவர்கள் பஸ் ஏறிக் கண்டிக்குப் போகிறார்கள். கண்டியில் கிடைக்காததைத் தேடிக் கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிட்டி பிளாசா வரை போகிறவர்களும் உண்டு. வாங்கி வந்த பொருள் சரிவரவில்லை என்றால் அதை மாற்ற இன்னொரு நாள் போய்விடும். பெட்டி திறந்த புரொசசரை எல்லாக் கடைகளும் திருப்பி எடுப்பதுமில்லை. ஆகவே பஸ் ஏறுமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய கணக்கு ஒன்றைச் சொல்லித்தருவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

புரொசசர் மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலானோர் சொக்கெட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். போர்டும் எல்ஜிஏ1700, புரொசசரும் எல்ஜிஏ1700 என்றால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். புரொசசர் உட்காரும். கணினி எழும்பும். விண்டோஸும் வரும். தொல்லை தெரிவது அதற்குப் பிறகு. கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டுப் பத்து நிமிடம் ஆனதும் வேகம் விழுகிறது. அல்லது கணினி தானாக அணைந்து எழும்புகிறது. சில போர்டுகள் இப்படியே கொஞ்சக் காலம் ஓடி ஒருநாள் எழும்பாமலே போய்விடுகின்றன. சொக்கெட்டின் பெயர் சொல்வது ஊசிகள் பொருந்துமா என்பதைத்தான். அந்த ஊசிகள் வழியே எவ்வளவு மின்சாரத்தை மணிக்கணக்கில் கொடுக்க முடியும் என்பது போர்டுக்குப் போர்டு மாறுகிறது.

பெட்டியில் உள்ள எண், உண்மையில் இழுக்கும் எண்

புரொசசரின் விவரத்தில் டிடிபி என்று ஓர் எண் இருக்கும்: 65 வொட், 105 வொட், 125 வொட் என்று. இதைப் பார்த்து "65 வொட்தானே" என்று முடிவெடுப்பது இன்றைய சில்லுகளில் சரிவராது. அது அடிப்படை வேகத்தில் ஓடும்போது உள்ள கணக்கு. டர்போ வேகத்தில் ஓடும்போது சில்லு அதைவிட அதிகமாக இழுக்கும்.

இன்டெல் இதற்கு இரண்டு வரம்புகள் வைத்திருக்கிறது. நீண்ட நேரத்துக்கான வரம்பு பிஎல்1, குறுகிய நேரத்துக்கான வரம்பு பிஎல்2. 10ஆம் தலைமுறை ஐ5-10400இன் பிஎல்1 65 வொட், பிஎல்2 134 வொட். இன்டெலின் விதிப்படி 28 விநாடி அளவு உச்சத்தில் ஓடி, பிறகு 65 வொட்டுக்கு இறங்க வேண்டும். அதே தலைமுறையின் ஐ9-10900கேக்கு 125, 250 வொட். நேரம் 56 விநாடி. 12ஆம் தலைமுறையில் இருந்து இன்டெல் உச்ச எண்ணையும் விவரத்தாளில் வெளிப்படையாகப் போடத் தொடங்கியது. ஐ3-12100க்கு 60, 89 வொட். ஐ5-12400க்கு 65, 117. ஐ7-12700க்கு 65, 180. ஐ7-13700க்கு 65, 219. ஐ9-13900கேக்கு 125, 253.

இந்த வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐ5-12400, ஐ7-12700, ஐ7-13700 மூன்றின் அடிப்படை எண்ணும் 65தான். உச்சத்திலோ 117, 180, 219 என்று விலகிப் போகின்றன. போர்ட் வாங்கும்போது இரண்டாவது எண்ணையே கணக்கில் எடுக்க வேண்டும். காரணம், பல போர்டுகள் 28 விநாடி என்ற நேர வரம்பைத் தளர்த்தி, சில்லை உச்ச எண்ணிலேயே ஓடவிடுகின்றன.

ஏஎம்டி பக்கத்தில் இதற்குப் பெயர் பிபிடி: சொக்கெட் வழியாகப் போகக்கூடிய மொத்த மின்திறன். ஏஎம்4 சொக்கெட்டில் 65 வொட் என்று எழுதிய சில்லுகளுக்குப் பொதுவாக 88 வொட். ரைசன் 5 5600எக்ஸ், ரைசன் 7 5700எக்ஸ் போன்ற சிலவற்றுக்கு 76. 105 வொட் என்று எழுதிய 5800எக்ஸுக்கு 142. 2022இல் வந்த ஏஎம்5இல் 170 வொட் சில்லு 230 வரை போகும். 76 வொட் விதிவிலக்குகளை விட்டால், இந்த இரண்டு சொக்கெட்டுகளின் சில்லுகளுக்கும் எழுதிய எண்ணோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

மின்சாரம் போகும் வழி

கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். புரொசசரின் இடப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் வரிசையாக நிற்கும். அவை சோக் எனப்படும் சுருள்கள். ஒவ்வொரு சோக்குக்கும் பக்கத்தில் மிளகாய் விதையைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான கறுப்புச் சில்லுகள் இருக்கும். அவை மொஸ்பெட்கள். பக்கத்தில் உருளை வடிவில் கபாசிட்டர்கள். இவை எல்லாம் சேர்ந்ததே விஆர்எம். பவர் சப்ளையில் இருந்து வரும் 12 வோல்ட்டை, புரொசசருக்கு வேண்டிய 1.2 வோல்ட் அளவுக்கு இறக்கித் தருவது இதன் வேலை.

வோல்ட் குறையும்போது அம்பியர் ஏறும். 117 வொட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க ஏறக்குறைய 97 அம்பியர் வேண்டும். 219 வொட் என்றால் 180 அம்பியருக்கு மேல். கொதிகேத்தல் ஒன்று சுவரில் இருந்து இழுப்பது 10 அம்பியர் அளவுதான் என்பதை நினைத்தால், தீப்பெட்டி அகலமுள்ள அந்தப் பகுதி எவ்வளவைச் சுமக்கிறது என்று விளங்கும்.

கம்பியிலும் மொஸ்பெட்டிலும் உள்ள மின்தடையால் வீணாகும் வெப்பம் அம்பியரின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 97இல் இருந்து 180க்குப் போகும்போது அம்பியர் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அந்தத் தடையில் பிறக்கும் வெப்பமோ மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஐ5இல் அமைதியாக ஓடிய போர்ட் ஐ7இல் திணறுவதன் காரணம் இதுதான்.

ஒரு சோக்கும் அதற்குரிய மொஸ்பெட்களும் சேர்ந்தது ஒரு பேஸ். சுமையைப் பல பேஸ்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் குளிர்ச்சியாக இருக்கும். 97 அம்பியரை நான்கு பேஸ் சுமந்தால் ஒவ்வொன்றுக்கும் 24 அம்பியர். எட்டு பேஸ் சுமந்தால் 12. ஆனால் சோக்குகளை எண்ணி மட்டும் முடிவு கட்டக்கூடாது. அவற்றில் ஒன்றிரண்டு உள்ளக கிராபிக்ஸுக்கும் சில்லின் மற்றப் பகுதிகளுக்கும் உரியவை. தரமான மொஸ்பெட் போட்ட ஆறு பேஸ் போர்ட், மலிவான மொஸ்பெட் போட்ட எட்டு பேஸ் போர்டைவிட நன்றாக ஓடலாம். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை இரண்டு: மொஸ்பெட் மேல் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கிறதா, புரொசசருக்கான 12 வோல்ட் இணைப்பி நான்கு ஊசியா எட்டு ஊசியா. நான்கு ஊசியில் 12 வோல்ட் வருவது இரண்டு கம்பிகளில், எட்டு ஊசியில் நான்கு கம்பிகளில். ஹீட் சிங்க்கும் இல்லை, நான்கு ஊசியும்தான் என்றால் அந்தப் போர்ட் சிறிய சில்லுகளை நினைத்துச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாவித்த போர்டுகள்: ஒரே பெயர், இரண்டு வொட்

2022இன் முதல் பாதியில் டொலர் 200 ரூபா அளவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, இலங்கையில் புதுக் கணினி பல குடும்பங்களுக்குக் கைக்கு எட்டாததானது. பழையதைத் திருத்தி, பாவித்த சில்லொன்றைப் போட்டு ஓட்டுவது அன்று கட்டாயமாக இருந்தது. இன்றும் மாணவர்களுக்கும் சிறு கடைகளுக்கும் அதுதான் கட்டுப்படியாகும் வழி. இந்தச் சந்தையில்தான் வொட் கணக்கு அதிகமாகத் தவறுகிறது.

எல்ஜிஏ775 காலத்தை எடுத்துக்கொள்வோம். இன்டெல் அப்போதே போர்டுகளுக்கும் சில்லுகளுக்கும் மின்வகுப்புக் குறி ஒன்று வைத்திருந்தது: 06 என்றால் 65 வொட் வகுப்பு, 05ஏ என்றால் 95, 05பி என்றால் 130. கோர் 2 காலச் சில்லுகளின் உலோக மூடியில் வேகம், கேஷ், பஸ் வேகம் எழுதிய வரியின் கடைசியில் இந்தக் குறி பொறிக்கப்பட்டிருக்கும். கோர் 2 குவாட் கியூ6600 இரண்டு பதிப்பாக வந்தது. முதல் பதிப்பு 105 வொட், மூடியில் 05பி. பிறகு வந்த ஜி0 பதிப்பு 95 வொட், மூடியில் 05ஏ. பெயரும் வேகமும் ஒன்றுதான். 95 வொட் வரை மட்டுமே தாங்கும் போர்டில் ஜி0 ஓடும். முந்தையதைப் போட்டால் போர்ட் அளவு மீறி உழைக்கும். தேர்மல் பேஸ்ட்டைத் துணியால் துடைத்து அந்த வரியின் கடைசிக் குறியைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

ஏஎம்டியிலும் இதே கதை உண்டு. ஃபினொம் 2 எக்ஸ்4 965 என்ற சில்லு 2009 ஓகஸ்டில் 140 வொட்டாக வந்தது; அதே ஆண்டு நவம்பரில் 125 வொட் பதிப்பு வந்தது. பிறகு ஏஎம்3+ சொக்கெட்டில் எஃப்எக்ஸ்-6300 95 வொட், எஃப்எக்ஸ்-8350 125 வொட், 2013இல் எஃப்எக்ஸ்-9590 220 வொட். எல்லாம் ஒரே சொக்கெட்டில் உட்காரும். ஆனால் 9590ஐத் தாங்கிய போர்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மலிவான ஏஎம்3+ போர்டுகளில் 95 வொட்டோடு நிற்பவை இருக்கின்றன. அப்படிப்பட்ட போர்டுக்கு எட்டு கோர் வேண்டுமென்றால் 95 வொட் எஃப்எக்ஸ்-8300ஐத் தேடுவதே நல்லது. 8350 கொஞ்சம் வேகமானதுதான். அந்த வேகத்தைத் தர அந்தப் போர்டால் முடியாது.

இன்டெலின் 3ஆம், 4ஆம் தலைமுறையில் பயம் குறைவு. ஐ7-3770 77 வொட், ஐ7-4790 84 வொட். சாதாரண எச்61, எச்81 போர்டுகள் இவற்றைப் பெரும்பாலும் சமாளிக்கும். அங்கே பார்க்க வேண்டியது பயோஸ்: 2ஆம் தலைமுறைக்காக வந்த எச்61 போர்டில் 3ஆம் தலைமுறைச் சில்லைப் போடுமுன் பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

8ஆம் தலைமுறையில் ஒரு பொறி இருக்கிறது. 2017இல் வந்த அந்தச் சில்லுகளும் எல்ஜிஏ1151தான். 6ஆம், 7ஆம் தலைமுறைக்கான பழைய எல்ஜிஏ1151 போர்டில் உட்காரவும் செய்யும். ஓடாது. கோர்கள் கூடியதால் மின் ஊசிகளையும் கூட்டியதாக இன்டெல் காரணம் சொன்னது. முன்பு வெறுமனே விட்டிருந்த ஊசிகளில் பல மின்சாரத்துக்கு ஒதுக்கப்பட்டன. "1151க்கு 1151 போகும்தானே" என்று கேட்டு வாங்கி ஏமாறுவது இங்கேதான்.

சின்னப் பெட்டிக் கணினிகள்

கம்பனிகளில் இருந்து கழித்து வரும் கைப்பிடி அளவுள்ள டெல், எச்பி, லெனோவோ மினி கணினிகள் இப்போது நிறையப் பேர் விரும்பி வாங்குபவை. கொமியுனிகேஷன் கடைக்கும் டியூஷன் வகுப்புக்கும் ஏற்றவை, கரண்ட் பில்லும் குறைவு. இவற்றில் புரொசசர் மாற்றுமுன் வொட் வகுப்பைப் பார்ப்பது கட்டாயம்.

எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி 35 வொட், 65 வொட் என இரண்டு வகையாக வந்தது. 65 வொட் வகையின் மேல் மூடியில் காற்றுத் துளைகள் இருக்கும், உள்ளே பெரிய கூலர் இருக்கும், 90 வொட் அடப்டர் வரும். 35 வொட் வகைக்கு 65 வொட் அடப்டர். சில்லின் பெயரில் கடைசியில் 'டி' எழுத்து இருந்தால் அது 35 வொட் ரகம்: ஐ5-7500டி 35 வொட், ஐ5-7500 65 வொட். 35 வொட் பெட்டியில் 'டி' இல்லாத சில்லைப் போட்டால் கூலர், அடப்டர், போர்ட் மூன்றும் ஒன்றாகப் பற்றாக்குறையாகிவிடும்.

புதுப் போர்ட் வாங்குவதென்றால்

எச்610, ஏ520 போன்ற மலிவு வரிசைப் போர்டுகள் கெட்டவை அல்ல. ஐ3-12100, ஐ5-12400, ரைசன் 5 5600 போன்றவற்றோடு சேரும்போது அவை கொடுத்த காசுக்கு நிறைவாக உழைக்கும். ஹீட் சிங்க் இல்லாத எச்610 போர்டில் ஐ7-13700ஐ ஏற்றும்போதுதான் காசு வீணாகிறது. அந்தச் சில்லின் விலையில் ஒரு பங்கு, 219 வொட்டில் கிடைக்கும் வேகத்துக்குக் கொடுக்கும் விலை. போர்டோ அதைத் தொடர்ந்து தராது.

2021இல் அவுஸ்திரேலியாவின் ஹார்ட்வேர் அன்பொக்ஸ்ட் யூடியூப் குழு பல பி560 போர்டுகளை 11ஆம் தலைமுறைச் சில்லுகளோடு சோதித்தது. ஒரே சிப்செட், ஒரே புரொசசர். போர்டுக்குப் போர்டு வேகம் பெரிதாக மாறியது. சில போர்டுகள் மின்வரம்பைத் திறந்துவிட்டு முழு வேகத்தில் ஓட்டின. சில அடிப்படை வரம்பிலேயே பிடித்துவைத்தன. பெட்டியின் மேல் எழுதிய சிப்செட் பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதே மொடல் போர்டுக்கு, அதே சில்லோடு செய்த விஆர்எம் சோதனை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் வழி.

போர்ட் குறைவாகக் கொடுப்பது ஒரு தொல்லை என்றால், கூடுதலாகக் கொடுப்பது இன்னொன்று. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சில்லுகள் பல நிலைகுலைந்து விளையாட்டுகளும் மென்பொருட்களும் நின்றுபோவதாக 2024இல் உலகம் முழுவதும் முறைப்பாடுகள் குவிந்தன. பல போர்டுகள் வரம்பே இல்லாத மின் அமைப்போடு விற்பனைக்கு வந்திருந்தது முதலில் பேச்சானது. பிறகு இன்டெல், சில்லு தேவைக்கு மேலான வோல்ட்டைக் கேட்டு வாங்கியதே அடிப்படைக் காரணம் என்று அறிவித்து, ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் பயோஸ் வழியாகப் போடும் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் விற்ற சில்லுகளுக்கு வொரன்டியை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. பாவித்த 13ஆம் அல்லது 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வாங்குபவர் இதை மனதில் வைக்க வேண்டும். 2024 செப்டெம்பருக்குப் பிந்தைய பயோஸ் போட்ட பிறகே அந்தச் சில்லைச் சுமையில் ஓட்ட வேண்டும். முன்பே சேதமான சில்லைப் புதிய பயோஸ் குணமாக்காது. ஆகவே வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை ஓடவைத்துப் பார்ப்பது நல்லது.

பஸ் ஏறுமுன்

கலகெதரயில் ஒரு வீட்டில் ஏ320 போர்டும் ரைசன் 3 2200ஜியும் உள்ள கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் உயர்தரம் முடித்து வீடியோ எடிட்டிங் பழகுகிறாள். சில்லை மட்டும் மாற்ற வேண்டும். வேலை இப்படிப் போக வேண்டும்.

1. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்து மெயின்போர்ட் பக்கத்தில் மொடல் பெயரையும் பயோஸ் பதிப்பையும் எழுதிக்கொள்ள வேண்டும். கேசிங்கைத் திறந்து போர்டின் ஓரத்தில் அச்சிட்ட 'ரெவ்' எண்ணையும் பார்க்க வேண்டும். ஒரே மொடலின் ரெவ் 1.0க்கும் 2.0க்கும் தாங்கும் சில்லுகள் வேறுபடலாம்.

2. போர்ட் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அந்த மொடலின் சிபியு பட்டியலைத் திறக்க வேண்டும். சில்லின் பெயருக்கு நேரே வொட்டும் எந்தப் பயோஸில் இருந்து வேலை செய்யும் என்பதும் இருக்கும். பட்டியலில் இல்லாத சில்லை, யார் என்ன சொன்னாலும், வாங்கக்கூடாது. சில பட்டியல்களில் மேலிருந்து கீழே காற்று ஊதும் கூலர் போடும்படி குறிப்பு இருக்கும். அப்படிக் குறிப்பு இருந்தால் விஆர்எம் எல்லைக்கு அருகில் ஓடுகிறது என்று பொருள்.

3. ஏ320 உள்ளிட்ட 300 வரிசைப் போர்டுகளில் ரைசன் 5000 சில்லுகளுக்கு ஏஎம்டி இடம் கொடுத்தது 2022 மார்ச்சில்தான். பல போர்டுகளுக்கான பயோஸ் அதற்குப் பிறகே வந்தது. பழைய பயோஸில் 5600ஐப் போட்டால் திரையே வராது. பழைய சில்லு இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துவிட வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. பயோஸ் பாதியில் நின்றால் போர்ட் எழும்பாது.

4. உச்ச வொட்டை ஒப்பிட வேண்டும். 2200ஜி 65 வொட் வகுப்பு. 5600, 5700எக்ஸ் இரண்டும் அதே வகுப்பு. பட்டியலில் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. 5800எக்ஸ் 142 வொட் வரை போகும். ஹீட் சிங்க் இல்லாத ஏ320 போர்டில் அதைப் போட்டு நீண்ட ரெண்டர் ஓட்டுவது போர்டை வருத்தும் வேலை. 5700எக்ஸுக்கும் அதே எட்டு கோர்தான். இந்த வீட்டுக்கு அதுவே பொருத்தம். அவளுடைய மென்பொருள் உள்ளக கிராபிக்ஸை நம்பியிருந்தால், 2200ஜியில் இருந்த கிராபிக்ஸ் 5700எக்ஸில் இல்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனி கார்ட் இல்லாத கணினிக்கு 5600ஜி அல்லது 5700ஜிதான் வழி.

5. பவர் சப்ளையில் சிபியுவுக்கான 4+4 ஊசி வயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு ஊசி வயர் வேறு; அதைச் சிபியு இணைப்பியில் அழுத்திச் செருகக்கூடாது. பழைய மொலெக்ஸ் வயரில் இருந்து எட்டு ஊசிக்கு மாற்றும் அடப்டர்களையும் தவிர்க்க வேண்டும்.

6. யூபிஎஸ் கணக்கு. 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 400 வொட்டுக்குக் குறைவாகவே தாங்கும். 117 வொட் சில்லு, 170 வொட் ஆர்டிஎக்ஸ் 3060, மானிட்டரும் மற்றவையும் 60 என்றால் 347, மட்டுமட்டாகச் சமாளிக்கலாம். அதே இடத்தில் 219 வொட் சில்லென்றால் 449. முழுச் சுமையில் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கீச்சிட்டுவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணைந்துவிடும்.

கடையில் கேட்கும் கேள்வியையும் மாற்ற வேண்டும். "இந்த போர்டுக்கு இந்தப் புரொசசர் போகுமா?" என்றால் பதில் எப்போதும் "போகும்" என்றுதான் வரும். "இந்த போர்டில் இதைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஃபுல் லோடில் ஓட்டினால் வேகம் குறையுமா, வொரன்டி தருவீர்களா?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் யோசித்துப் பதில் சொல்வார். பில்லில் இரண்டு மொடல் பெயர்களையும் எழுதி வாங்குவது பிறகு உதவும்.

வீட்டில் முதல் சோதனை

புதிய சில்லைப் போட்ட அன்றே எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்துவைத்து, சினிபெஞ்ச் ஆர்23இன் பத்து நிமிட மல்டி கோர் சோதனையை ஓட்ட வேண்டும். மார்ச், ஏப்ரல் பிற்பகலில், தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி நின்ற அறையில் ஓட்டினால் ஆண்டின் மிகக் கடினமான நிலை தெரியும். பார்க்க வேண்டியவை நான்கு: சிபியு பெக்கேஜ் பவர், கோர் வேகம், கோர் வெப்பம், போர்ட் காட்டினால் விஆர்எம் வெப்பம்.

முதல் அரை நிமிடம் 117 வொட், பிறகு 65 வொட்டில் நேர்கோடாக நின்றால் பழுது ஒன்றும் இல்லை. பிஎல்1 தன் வேலையைச் செய்கிறது. கோர் வெப்பம் 95, 100 பாகையைத் தொட்டு வேகம் மெல்லக் குறைந்தால் புரொசசர் கூலர் போதவில்லை. மூன்றாவது வடிவம்தான் இந்த அத்தியாயத்துக்கு உரியது. கோர் வெப்பம் 70இல் நிம்மதியாக நிற்கும், ஐந்தாறு நிமிடம் எல்லாம் சரியாகப் போகும், திடீரென வேகம் 4 கிகாஹெர்ட்ஸில் இருந்து 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழும், சில விநாடியில் மீண்டும் ஏறும், மறுபடி விழும். வரைபடத்தில் வாள் பல் போல மேலும் கீழும் வரும். விஆர்எம் சூடாகி, புரொசசரை நிறுத்தச் சொல்லிச் சமிக்ஞை அனுப்புகிறது என்பதே அதன் பொருள்.

அப்படி வந்தால் முதலில் காற்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியோடு வரும் சாதாரண கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் விஆர்எம்முக்கும் கொஞ்சம் காற்று கிடைக்கும். அதை எடுத்துவிட்டு வோட்டர் கூலர் போட்டவர்களின் போர்டில் அந்தக் காற்று அப்படியே நின்றுவிடுகிறது. சில்லு குளிர்கிறது, மொஸ்பெட் கொதிக்கிறது. கேசிங்கின் பின்பக்கத்தில் ஒரு 120 மில்லிமீற்றர் ஃபேன் போட்டு, தூசியைத் துடைத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிவைத்தாலே பல கணினிகள் சீராகும்.

அதோடும் நிற்கவில்லை என்றால் வரம்பை இறக்க வேண்டும். இன்டெல் போர்டுகளின் பயோஸில் லோங் டூரேஷன் பவர் லிமிட், ஷோர்ட் டூரேஷன் பவர் லிமிட் என்ற இரண்டு இடங்கள் இருக்கும். ஐ7-12700ஐ 180இல் இருந்து 125க்கு இறக்கினால் ரெண்டர் நேரம் ஓரளவு கூடும். விஆர்எம் வெப்பம் பெருமளவு குறையும். விழுந்து விழுந்து ஓடுவதைவிடச் சீரான 125 வொட் வேலையைச் சீக்கிரம் முடிப்பதும் உண்டு. ஏஎம்டியில் ஈகோ மோட் என்று இருக்கும். 105 வொட் சில்லை அதில் 65 வொட் வகுப்புக்கு இறக்கினால் உச்சம் 142இல் இருந்து 88க்கு வரும். பத்துப் பத்து வொட்டாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடச் சோதனையை ஓட்டி, வாள் பல் மறையும் எண்ணில் நிறுத்த வேண்டும்.

அந்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கேசிங்கின் உட்பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். பயோஸைப் புதுப்பித்தாலோ, போர்டில் உள்ள சிஆர்2032 பெட்டரி இறங்கிப்போய்க் கரண்ட் நின்றாலோ இந்த அமைப்புகள் அழிந்து, போர்ட் தன் பழைய வரம்புக்கே திரும்பிவிடும். கணினி திறக்கும்போது திகதி 2019 அல்லது 2021 என்று தவறாகக் காட்டினால் பெட்டரி முடிந்துவிட்டது. பெட்டரியை மாற்றி, பயோஸுக்குள் போய், ஸ்டிக்கரில் உள்ள எண்ணை மறுபடி போட்ட பிறகே ரெண்டரைத் தொடங்க வேண்டும்.